முதல் தீர்மானம்

அத்தியாயம் 11

அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் புஷ்பவல்லி அந்தத் தாளை நான்கு தடவை படித்துவிட்டாள். நான்கு தடவையும் ஒரே இடத்தில்தான் நின்றாள்.

"...மாட்சிமை தங்கிய மன்னரின் அரசாங்கம் நடத்தும் போருக்கு, கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் உரிமைச் சங்கம் தன் முழு மனதான ஆதரவை..."

கையெழுத்து அவள் கணவன் பழனியப்பனுடையது. சர்வேயர் ஆபீசில் பத்து வருஷமாகக் கிராணியாகக் கணக்கு எழுதிப் பழகிய, குண்டு குண்டான எழுத்து. எழுத்துதான் அவனுடையது. வார்த்தைகளை வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்பது, பிரிக்ஃபீல்ட்ஸ் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாக்கியம் அமைக்கச் சொல்லிக் கொடுக்கிற அவளுக்குத் தெரியாதா?

தோட்டத்துத் தொழிலாளி சின்னையா லாக்கப்புக்குப் போய் இன்றோடு பதினோரு நாள்.

அவன் செய்த குற்றம் இவ்வளவுதான். தோட்டத்துச் சடக்கில் சைக்கிளில் வந்தான். எதிரே துரையின் கார். வழக்கப்படி கூலிக்காரன் சைக்கிளை விட்டு இறங்கி, தலைத்துண்டை எடுத்து, கார் போகும்வரை ஓரமாக நிற்க வேண்டும். சின்னையா இறங்கவில்லை. துரை காரை நிறுத்தி வந்து சைக்கிளை உதைத்துத் தள்ளினான். விழுந்தவன் எழுந்து, அடுத்த உதை விழுவதற்குள் துரையின் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்ததோடு சரி. புகாரில் மட்டும் 'அடித்தான்' என்று இருந்தது.

சங்கத்தின் காரியதரிசி பழனியப்பன் நடையாய் நடந்தான். போன வியாழக்கிழமை, தோட்டக் கம்பெனியின் பெரிய கிராணி அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். போர் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது, இந்த நேரத்தில் தோட்டங்களில் சச்சரவு இருக்கக்கூடாது என்று மேலிடம் நினைக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சங்கம் போரை ஆதரித்து முதல் தீர்மானம் போடட்டும். அன்றைக்கே புகார் வாபஸ். சைக்கிளை விட்டு இறங்குகிற வழக்கமும் ஒழியும். சங்கத்தார் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குள் தாராளமாக வந்து போகலாம்.

கூடவே இன்னொன்றும் சொன்னார். அந்தத் தீர்மானத்தைப் பழனியப்பனின் மனைவி வாசித்தால் நன்றாக இருக்கும். போன போரில் உயிர் கொடுத்தவரின் மகள் அல்லவா?

"எங்கப்பாவைப் பத்தி அவங்களுக்கு யாரு சொன்னது?" என்று புஷ்பவல்லி அன்றைக்கே கேட்டாள்.

பழனியப்பன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். சொன்னது அவன்தான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

இருந்தும் அவள் சரி என்றாள். சின்னையாவின் மனைவி தங்கமணி மறுநாள் வந்து, வாசற்படியில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனாள். அதைப் பார்த்த பிறகு வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

"எழுத்து விளங்குதா?" பழனியப்பன் தலையைத் துவட்டிக்கொண்டே அடுக்களைக்கு வந்தான். முகத்தில் தூக்கம் இல்லாத வீக்கம்.

"எழுத்து விளங்குது."

"அப்ப என்ன விளங்கல?"

அவள் காப்பியை ஆற்றி நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு நின்றபடியே குடித்தான். இந்த நான்கு நாளாக அவன் உட்கார்ந்து எதையும் குடித்ததில்லை.

ஏழு மணிக்குத் தம்பி தம்புசாமி வந்தான். பின்னாலேயே அம்மா வள்ளியம்மா. இரண்டு தெரு தள்ளி, ரயில்வே குவார்ட்டர்ஸில் மகனோடு இருக்கிறாள். தம்புசாமி செந்தூல் பட்டறையில் ஃபிட்டர். இருபத்து மூன்று வயது. இவன் கைக்கு வேலை பழகியதைவிட வாய்க்குப் பேச்சு சீக்கிரம் பழகிவிட்டது என்று அம்மா சொல்லுவாள்.

"அத்தான், இன்னும் நேரம் இருக்கு. அந்த முதல் தீர்மானத்தை எடுத்துடுங்க."

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? உக்காரு. காப்பி குடி."

"காப்பி வேணாம். இந்தச் சண்டைக்கும் நமக்கும் என்ன? வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரனும் அடிச்சிக்கிறான். டயரு நம்ம வெட்டுற ரப்பர் பாலு. அந்த டயர்ல ஓடுற லோரி எவன் ஊருல போய் எவன் வீட்டை இடிக்கும்னு நமக்குத் தெரியாது. அதுக்கு நாமளே கையைத் தூக்கி வாழ்த்துச் சொல்லணுமா?"

"நாம வாழ்த்தினாலும் வையினாலும் சண்டை நடக்கத்தான் போகுது, தம்பு. கிள்ளான்ல முன்னூறு பேரு கை தூக்கலைன்னு அங்க பீரங்கி நிக்கப் போகுதா? ஆனா சின்னையா வெளிய வர்றது அந்த முன்னூறு கையிலதான் இருக்கு."

"சைக்கிளை விட்டு இறங்காம போற உரிமை வேணும். ஆமா. அதைக் கேட்டு வாங்குவோம். எவனோ ஒருத்தன் சாகுறதுக்குச் சரின்னு சொல்லி வாங்கணுமா?"

"நீ லாக்கப்புல இருந்து பாரு, அப்புறம் பேசு!"

பழனியப்பன் கத்தி அவள் கேட்டதே இல்லை. டம்ளரைத் திண்டில் வைத்த வேகத்தில் காப்பி சிதறியது.

"மூணு வருஷம், தம்பு. ஞாயித்துக்கிழமை ஒண்ணு விடாம சைக்கிள் மிதிச்சேன். லயத்துக்குள்ள விடமாட்டான். கள்ளுக்கடை வாசல்ல நின்னு பேசினேன். நாயை அவிழ்த்து விட்டான். இப்பத்தான் முதல் தடவையா ஒருத்தன் கதவைத் திறக்கிறான். அந்தக் கதவு எந்தப் பக்கத்துல இருந்து திறந்துச்சுன்னு நான் பார்க்கப் போறதில்ல."

தம்புசாமி அக்காளைப் பார்த்தான். "நீ சொல்லுக்கா."

புஷ்பவல்லி சிதறிய காப்பியைத் துடைத்தாள். அவளுக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் பட்டது. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

வள்ளியம்மா மகளைத் தேடி அடுக்களைக்குள் வந்தாள். முந்தானையிலிருந்து ஒரு துணி மடிப்பை எடுத்தாள். உள்ளே, அப்பா செத்தபோது வந்த, இங்கிலாந்து ராஜாவின் முத்திரை போட்ட பழுப்பேறிய கடிதம்.

"மாப்பிள்ளை கேட்டாராம். தம்பு வேணாம் வேணாம்னுதான் சொன்னான். நான்தான் கொண்டாந்தேன்."

"மேடையில இதைக் கையில வெச்சிக்கிட்டுப் படிக்கணுமாம்."

"படி." அம்மா கத்தரிக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். யார் வீட்டு அடுக்களையானாலும் அவள் கை சும்மா இருக்காது. நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "உங்கப்பா எதுக்குப் போனாருன்னு யாராவது கேட்டா என்ன சொல்லுவே?"

"ராஜாவுக்காகப் போனாருன்னு நீதானே சொல்லுவே?"

"ராஜாவை அவருக்கு எங்க தெரியும்?"

புஷ்பவல்லி திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் கண் கத்தரிக்காயில் இருந்தது.

"கம்பிச்சடக்குல ரயில் தண்டவாளம் போட நாப்பது பேரு ஒரு கேங்கு. காய்ச்சல்னு ரெண்டு நாள் படுத்தா வீட்டை விட்டுத் தூக்கி எறிவான். பிரம்பால அடிப்பான். உங்கப்பாதான் எல்லாருக்கும் பேச்சாளு. அடிக்கக்கூடாது, வேலையை நிரந்தரம் பண்ணணும்னு போய்க் கேட்டாரு. மேல இருந்தவன் சொன்னான், பஸ்ராவுல தண்டவாளம் போட ஆளு வேணும், சண்டை நடக்குது, உங்கள்ல பன்னெண்டு பேரு போங்க, மிச்சம் இருக்கவங்களுக்குக் கேட்டதெல்லாம் குடுக்கிறேன்னு. பேசினவன் இங்க உக்காந்துக்கிட்டு மத்தவனை அனுப்புறதான்னு உங்கப்பா தன் பேரை முதல்ல சொன்னாரு."

"அப்புறம்?"

"பேதியில செத்தாரு. குண்டு கிண்டு ஒண்ணும் இல்ல. தண்ணி சரியில்லையாம்."

"கேட்டதெல்லாம் குடுத்தாங்களா?"

"இதைக் குடுத்தாங்க." வள்ளியம்மா கத்தி முனையால் கடிதத்தைக் காட்டினாள். "மூணு மாசத்துல வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்க. நீ ஏழு வயசு. தம்பு வயித்துல."

"ஏம்மா இத்தனை வருஷமா சொல்லல?"

"சொன்னா உங்கப்பா ஏமாந்து போனவருன்னு ஆயிடும். செத்தவரை எதுக்கு ஏமாளியாக்கணும்?"

அவள் நறுக்கியதைத் தண்ணீரில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஒன்பதே கால் ரயிலில் கிள்ளானுக்குப் புறப்பட்டார்கள். அம்மா வரவில்லை. தம்புசாமி அதே ரயிலில், வேறு பெட்டியில் ஏறினான்.

பெட்டாலிங் தாண்டியதும் ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக ஓட ஆரம்பித்தன. பழனியப்பன் இரண்டாவது தீர்மானத்தையும் மூன்றாவது தீர்மானத்தையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். புஷ்பவல்லி அவன் கையிலிருந்த தாள்களை மெல்ல இறக்கினாள். அம்மா சொன்னதை அப்படியே சொன்னாள்.

அவன் முழுவதும் கேட்டான். 

"அந்தக் காலத்துல நம்ம ஆளுங்களுக்குச் சங்கம் இல்ல, புஷ்பம். தனித் தனியா போய் நின்னாங்க. ஏமாத்தினான். இப்ப அப்படி முடியாது."

"எழுத்துல குடுத்திருக்காங்களா?"

"என்னது?"

"சைக்கிள் விஷயம். லயத்துக்குள்ள வர்றது. எழுத்துல இருக்கா?"

பழனியப்பன் தாள்களை மறுபடி அடுக்கினான். ஏற்கெனவே ஒழுங்காக இருந்தவைதான்.

"முதல்ல சின்னையா வரட்டும். எழுத்தை அப்புறம் வாங்கிக்கலாம்."

"என்னால படிக்க முடியும்னு தோணலைங்க."

"இப்ப வந்து சொல்லாதே."

"இப்பத்தானே எனக்கே தெரிஞ்சது?"

"புஷ்பம்." அவன் குரலைத் தாழ்த்தினான். எதிரே ஒரு சீனக் கிழவர் கோழிக்கூடையை மடியில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். "உங்கப்பா மேல எனக்கு மரியாதை இல்லாம இல்ல. செத்துப்போனவரால இன்னைக்கு உசிரோட இருக்கிற ஒருத்தன் வெளிய வர முடியும்னா, அவரே வேணாம்னு சொல்லமாட்டாரு. பேச்சாளுன்னு சொன்னியே. யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். பத்து தீகா ஸ்டேஷன் வந்தது, போனது. யோசிக்க யோசிக்க, அப்பாவின் முகமே நினைவுக்கு வரவில்லை. முகம் தெரியாத ஒருவருக்காகத் தான் எப்படிப் பதில் சொல்வது என்று இருந்தது.

கிள்ளான் ஸ்டேஷனில் தங்கமணி காத்திருந்தாள். முப்பது வயதுதான் இருக்கும், வெயிலில் நாற்பது போலத் தெரிவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கள்ளுக்கடைக்குப் பின்னால் புஷ்பவல்லி நடத்தும் வகுப்பில் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டவள். கையில் ஒரு பை. பையில் வெளுத்து மடித்த வேட்டி.

"டீச்சரம்மா, இன்னைக்கு வந்துடுவாருல்ல?"

புஷ்பவல்லி தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கூட்டம், ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த நாடகக் கொட்டகையில். தகரக் கூரை. பதினொரு மணிக்கே உள்ளே அடுப்புப் போல இருந்தது. காப்பார் ரோட்டுப் பக்கமிருந்தும், ஜெஞ்சாரோம் பக்கமிருந்தும் நடந்து வந்தவர்கள் முன்னூறு பேருக்குக் குறையாது. பெண்கள் ஐம்பது பேர் இடது பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளில் ஒரு இன்ஸ்பெக்டரும், இரண்டு போலீஸ் மாத்தாக்களும், கம்பெனியின் பெரிய கிராணியும். பெரிய கிராணி விசிறியால் மெல்ல விசிறிக்கொண்டு, தெரிந்தவர்களைப் பார்த்தெல்லாம் சிரித்தார். தம்புசாமி கடைசித் தூணில் சாய்ந்து நின்றான்.

பழனியப்பன் வரவேற்றுப் பேசினான். முதல் தீர்மானத்தை, பஸ்ராப் போரில் உயிர்நீத்த பக்கிரிசாமியின் மகள் வாசிப்பார் என்றான்.

புஷ்பவல்லி ஒரு கையில் தாளும் மறு கையில் கடிதமுமாக மேடை ஏறினாள். தங்கமணி பெண்கள் பக்கத்து முதல் வரிசையில், வேட்டிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

தாளை விரித்தாள். அதை மறுபடி மடித்தாள்.

"எங்கப்பா பேரு பக்கிரிசாமி," என்றாள். இது தாளில் இல்லாதது. "கம்பிச்சடக்குல வேலை பார்த்தாரு. அவருக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. தண்டவாளம் போடத்தான் கூட்டிக்கிட்டுப் போனாங்க."

 பெரிய கிராணி விசிறுவதை நிறுத்தவில்லை.

"பிரம்பால அடிக்கக்கூடாதுன்னு கேட்டாரு. பஸ்ராவுக்குப் போனா தரேன்னாங்க. போனாரு. செத்தாரு. அடி நிக்கல. எங்களை வீட்டை விட்டு அனுப்பினாங்க. இது எனக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும். இருபத்து மூணு வருஷமா எங்கம்மா இதைச் சொல்லாம இருந்திருக்காங்க."

இன்ஸ்பெக்டரின் பென்சில் ஓடியது. பழனியப்பன் மேடை ஓரத்தில் அசையாமல் நின்றான்.

"இந்தத் தீர்மானத்தை என்னால வாசிக்க முடியாது. கை தூக்காதீங்கன்னு உங்களுக்குச் சொல்லவும் மாட்டேன். சின்னையா வெளிய வரணும். அதுக்காக யாரு கை தூக்கினாலும் நான் ஒரு வார்த்தை குத்தம் சொல்லமாட்டேன். எங்கப்பா பேரைச் சொல்லி மட்டும் கேக்காதீங்க."

தாளையும் கடிதத்தையும் மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பி அடங்கியது. பெரிய கிராணி எழுந்திருக்கப் பார்த்தார். பழனியப்பன் அதைக் கவனித்தான். இரண்டே எட்டில் மேடைக்கு நடுவே வந்தான். அவள் விட்டுப்போன தாளை எடுத்தான். கடிதத்தைத் தொடவில்லை.

வாசித்தான். ஒரு சொல் தடுமாறாமல், பெரிய குரலில் வாசித்தான். "ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்றான்.

ஒரு கையும் எழவில்லை. தகரக் கூரை வெயிலில் படபடவென்று சத்தம் போட்டது.

முதலில் எழுந்தது தங்கமணியின் கை. புஷ்பவல்லியைப் பார்த்துக்கொண்டே தூக்கினாள், மன்னிப்புக் கேட்பதுபோல. அடுத்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள். அப்புறம் ஆண்கள் பக்கம். ஒன்று, பத்து, ஐம்பது. யாரும் யாரையும் பார்க்காமல் தூக்கினார்கள்.

"எதிர்ப்பு ஒண்ணு!" கடைசித் தூணிலிருந்து குரல் வந்தது. "எழுதிக்குங்க. தம்புசாமி. பிரிக்ஃபீல்ட்ஸ்."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

தீர்மானம் நிறைவேறியது. பெரிய கிராணி பழனியப்பனிடம் வந்து கைகுலுக்கிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அடுத்து வந்த சைக்கிள் தீர்மானத்துக்குக் கைதட்டலில் கொட்டகையே அதிர்ந்தது. அதற்கும் பழனியப்பனின் முகம் மலரவில்லை.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஸ்டேஷனுக்கு எதிரே உமர் நானாவின் தேநீர்க் கடையில் மூன்று பேரும் ஒரே மேசையில், ஆனால் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தங்கமணி மழையிலேயே லாக்கப்புக்கு ஓடிவிட்டாள்.

"ரொட்டி சூடா இருக்கு, கிராணி. மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு உக்காந்தா ஆறிடும்லா," என்றார் உமர் நானா. யாரும் சிரிக்காததால் அவர் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

"நீயும் பாதியிலயே நின்னுட்டேக்கா," என்றான் தம்புசாமி. "அவ்வளவும் சொன்னே. போர் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்க ஒரு கையும் எழுந்திருக்காது."

"தங்கமணி அங்க உக்காந்திருந்தா, தம்பு."

"எங்கேயும் ஒரு தங்கமணி உக்காந்துக்கிட்டுத்தான் இருப்பா. அதைப் பார்த்துப் பார்த்தே நாம வாயை மூடிக்கணுமா?"

"நீ பட்டறைக்குப் போவே. நான் வர்ற ஞாயித்துக்கிழமை அவ முகத்தைப் பார்க்கணும்."

அவன் பீங்கான் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பழனியப்பன் மழையைப் பார்த்தபடி பேசினான்.

"என்னை அத்தனை பேருக்கு முன்னால தனியா நிக்க வெச்சிட்டே."

"ரயில்லயே சொன்னேனுங்க."

"சொன்னே. நான்தான் காதுல வாங்கல." மேசை மேலிருந்த அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தான். தொடவில்லை. "நீ பேசினதுல ஒரு பொய் கிடையாது. அதான் கோபமா வருது. கோபப்படவும் முடியல."

மூன்று மணி ரயில் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை. நான்கு மணி ஆனது. தம்புசாமி இரண்டு தடவை வெளியே போய் மழையில் நின்றுவிட்டு வந்தான். பழனியப்பன் விரல்களால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தான். புஷ்பவல்லி மேடையிலிருந்து எடுத்து வந்த கடிதத்தை மறுபடி துணியில் சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றினாள்.

நாலரைக்குத்தான் மழைக்குள்ளிருந்து இரண்டு உருவங்கள் வந்தன.

சின்னையா இளைத்திருந்தான். தாடி முளைத்திருந்தது. ஆனால் வெளுத்த வேட்டி கட்டியிருந்தான், நிமிர்ந்து நடந்து வந்தான். தங்கமணி அவனுக்கு ஓரடி பின்னால், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். பழனியப்பன் பெஞ்சைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டான்.

"வந்துட்டேன், கிராணி ஐயா."

"உக்காரு. முதல்ல உக்காரு. நானா, இவருக்கு ரொட்டி போடுங்க!"

தம்புசாமியும் எழுந்து இடம் விட்டான். சின்னையா சாப்பிட்டான். பதினோரு நாள் பசியும் அந்த ஒரு ரொட்டியில் தெரிந்தது. பாதியில் நிமிர்ந்து கேட்டான்.

"துரை எதிர்ல வந்தா இனிமே இறங்க வேணாமா?"

"வேணாம்," என்றான் பழனியப்பன்.

"இருக்கட்டும். சைக்கிளு அங்கேயே நெளிஞ்சு கிடக்கு. அதை நிமித்தி ஒரு தடவை துரை பங்களா வாசல் வழியா மிதிச்சிட்டு வரணும்." அவன் சிரித்தான். தங்கமணி சிரித்தாள். அந்த நாள் முழுவதிலும் முதல் தடவையாகப் பழனியப்பனும் சிரித்தான். புஷ்பவல்லி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். அவன் செய்தது சரிதானோ என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் ஒரு நிம்மதி கூட வந்தது.

"டீச்சரம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க." சின்னையா சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தான். ஓரம் மழையில் நனைந்திருந்தது. "விடும்போது ஒரு கடுதாசியில கைநாட்டு வாங்கினாங்க. அதே மாதிரி இன்னொண்ணு, நீயே வெச்சிக்கன்னு குடுத்தாங்க. பத்திரமா வெச்சிக்கணுமாம்."

இங்கிலீஷில் அச்சடித்த தாள். நடுவில் மையில் எழுதிய பெயர்: சின்னையா. கீழே கட்டைவிரல் ரேகை. மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்த இங்கிலீஷ் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. முதல் வரியைப் படித்தாள். இரண்டாவது வரியைப் படித்தாள். அதற்குப் பிறகு தாளை மேசையில் வைத்துவிட்டாள்.

"என்ன போட்டிருக்கு, டீச்சரம்மா?" என்றாள் தங்கமணி. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாவிட்டாலும் முகம் படிக்கத் தெரியும்.

"குடு. நான் படிக்கிறேன்," என்றான் பழனியப்பன்.

காலையில் கொட்டகை முழுக்கக் கேட்ட குரல், இப்போது மேசையைத் தாண்டவில்லை. தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"கீழே ரேகை வைத்துள்ள நான்... எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல்... என் சொந்த விருப்பத்தின் பேரில்... போர் வேலைகளுக்கான கூலியாட்கள் படையில் சேர... போர் முடியும் வரை... அனுப்பப்படும் எந்த இடத்துக்கும் செல்ல..." நிறுத்தினான். "அக்டோபர் முப்பதாம் தேதி. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துல ஆஜராகணும்."

உமர் நானா கரண்டியை வைத்துவிட்டு வந்து நின்றார்.

"எந்த ஊருக்கு?" என்று கேட்டான் சின்னையா.

பழனியப்பன் தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் காலி. "ஊர் பேரு எழுதல. கோடு மட்டும் போட்டிருக்கு."

தங்கமணி கணவனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தம்புசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்காளின் முகத்தைப் பார்த்தான். அத்தானின் முகத்தைப் பார்த்தான். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, அத்தானுக்குப் பக்கத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான்.

"பதினஞ்சு நாள் இருக்கு, அத்தான்."

பழனியப்பன் தலையை ஆட்டினான். 

"சின்னையா," புஷ்பவல்லி கேட்டாள், "நீங்க சரின்னு சொல்லித்தான் ரேகை வெச்சீங்களா? யாராவது படிச்சுக் காட்டினாங்களா?"

"ஒண்ணும் படிக்கலைங்க. வெளிய விடுற கடுதாசின்னாங்க. நான் கையை நீட்டறதுக்கு முன்னாடியே வெரலைப் பிடிச்சு மையில அமுக்கிட்டாங்க."

"அப்ப பக்கத்துல யாரு இருந்தது?"

"கம்பெனி பெரிய கிராணிதான். நேரா கூட்டத்துலேருந்து வரேன், எல்லாம் நல்லபடியா முடிஞ்சதுன்னு சொன்னாரு." சின்னையா தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தான். ரேகைக்குள் இன்னும் கொஞ்சம் நீலம் இருந்தது. "வெரலைத் துடைச்சிக்கத் தன் கைக்குட்டையையே குடுத்தாருங்க."